டிஸ்க்கைக் கொல்வது மொனிட்டர் அல்ல

“ஹார்ட் டிஸ்க்கை மொனிட்டர்ல போடாதீங்க. அந்த ஓட்டை கீபோர்ட்டுக்கும் மவுசுக்கும்தான். டிஸ்க் எண்டா நேரா லேப்டொப்ல போடணும். இல்லாட்டி ஃபைல் எல்லாம் கரப்ட் ஆகிடும்.” மட்டக்களப்பு நகரிலும் கல்லடியிலும் காத்தான்குடியிலும் கணினி திருத்தும் கடைகளுக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்த அறிவுரை புதிதல்ல. கலியாண வீடியோ எடுக்கும் தம்பிமார் இதைத் தங்களிடம் வேலை பழக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கணினி ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்கிறார்கள். யாரும் திருப்பிக் கேட்காததால் இது ஒரு சட்டம் போல நிலைத்துவிட்டது.

இந்தச் சட்டம் பிழையானது. பிழையென்று எழுதிவிட்டு விட்டுவிடக்கூடிய அளவுக்குச் சிறியதும் அல்ல. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இன்று கமெராவும் மைக்கும் வைத்திருப்பவர்கள் என்ன பதிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். விடியும்வரை ஆடும் வடமோடிக் கூத்து, அண்ணாவியாரின் மத்தள அடி, வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் சடங்கு, குளுத்திப் பாடல், வசந்தன், தொண்ணூறு வயது ஆச்சி சொல்லும் பழங்கதை, கல்லடிப் பாலத்தடியில் நிலா இரவில் தண்ணீருக்குள் இறக்கிய மைக்கில் விழும் பாடுமீன் ஓசை. இவை எல்லாம் கடைசியில் போய்ச் சேர்வது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள், அதாவது ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள். அந்தப் பெட்டியை எது கெடுக்கிறது, எது காக்கிறது என்பதில் நாம் பிழையான ஆளைப் பிடித்துவைத்துக்கொண்டு உண்மையான காரணங்களைத் தப்பவிட்டுக்கொண்டிருக்கிறோம். எனது கோபம் அதனால்தான்.

அந்த அறிவுரை எப்படிப் பிறந்தது என்பதில் தொடங்குகிறேன், ஏனென்றால் அது ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. யூஎஸ்பி 2.0 தரம் 2000 ஏப்ரலில் வெளியானது. அதன்படி ஒரு துவாரம் 5 வோல்ட்டில் 500 மில்லிஅம்பியர் வரை கொடுக்கும். ஒரு துவாரத்தைப் பலவாக்கும் ஹப் ஒன்றை, தனக்கென்று மின்சாரம் இல்லாததை, அந்தத் துவாரத்தில் போட்டால், அது தன் ஒவ்வொரு துவாரத்துக்கும் 100 மில்லிஅம்பியர் மட்டுமே பங்கிட முடியும். கீபோர்ட்டின் ஓரத்தில் இரண்டு துவாரம் வைத்து விற்றார்களே, அவை இந்த வகை. ஆனால் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் ஏறத்தாழ ஒரு அம்பியர் வரை இழுக்கும். போதாத மின்சாரத்தில் அது ‘டிக், டிக்’ என்று தட்டும், நிற்கும், மறுபடி தொடங்கும். அதனால்தான் அந்த நாள் டிஸ்க்குகள் சிலவற்றுக்கு இரண்டு தலை உள்ள கேபிள் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஹப்பில் டிஸ்க்கைப் போடாதே என்று அன்று சொன்னவர் நல்லதைத்தான் சொன்னார்.

மொனிட்டர் அந்த வகை அல்ல. அது சுவர்ப் பிளக்கிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கிறது. அதற்குள் இருக்கும் ஹப் லேப்டொப்பின் மின்சாரத்தைப் பங்கு பிரிக்காது. தன் சொந்த மின்சாரத்திலிருந்து கொடுக்கிறது. யூஎஸ்பி 2.0 துவாரமானால் 500, 2008 நவம்பரில் வந்த 3.0 தரத்துத் துவாரமானால் 900 மில்லிஅம்பியர். லேப்டொப்பின் சாதாரண துவாரமும் இதே தரத்தின்படிதான் கொடுக்கிறது. மொனிட்டரின் ஓட்டையில் பலம் குறைவு என்ற பேச்சுக்கு அடிப்படையே கிடையாது. டிஸ்க் மூன்றரை அங்குல வகையாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அது தன் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது.

அடுத்தது, ‘நடுவில் ஒன்று வந்தால் ஃபைல் கெடும்’ என்ற வாதம். கேட்பவரைப் பயமுறுத்துவது இதுதான். யூஎஸ்பியில் தரவு பொதி பொதியாகப் போகிறது. ஒவ்வொரு பொதியோடும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகிறது. பெறும் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். எண் பொருந்தாவிட்டால் பொதியை ஏற்காது, அது மறுபடி அனுப்பப்படும். டிஸ்க்குகள் பயன்படுத்தும் மொத்தப் பரிமாற்ற முறையில் இந்த மறு அனுப்புதல் கட்டாயம். நடுவிலுள்ள ஹப்புக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. 2014 இல் பாலம் திறக்கும்வரை மண்முனைத் துறையில் ஓடிய பாதைப் படகு, ஏற்றிய மூட்டைக்குள் நெல்லா உப்பா என்று அவிழ்த்துப் பார்த்ததில்லை, ஹப்பும் அப்படியே. வந்ததை மறு பக்கம் சேர்க்கும். சேர்க்க முடியாவிட்டால் இணைப்பு அறுந்ததென்று கணினி உடனே சொல்லும். ஒரு நல்ல ஹப் உங்கள் பாட்டின் நடுவே சத்தமில்லாமல் ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டுப் போகும் என்பது நடக்காத கதை.

இன்னொன்றும் உண்டு. லேப்டொப்பில் போட்டால் நடுவில் எதுவும் இல்லை என்று நம்புகிறவர்கள் அதன் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பல லேப்டொப்களில் உள்ளேயே ஹப் உண்டு. கமெரா, புளூடூத், கைரேகை வாசிக்கும் சில்லு எல்லாம் பெரும்பாலும் யூஎஸ்பியில்தான் தொங்குகின்றன. சில மொடல்களில் ஒரு பக்கத்துத் துவாரங்கள் தாய்ப் பலகையில் இல்லாமல் ஒரு மெல்லிய நாடாவில் தொடுத்த சிறு பலகையில் இருக்கும். யூஎஸ்பித் தரமே ஒன்றன்பின் ஒன்றாக 5 ஹப் வரை அனுமதிக்கிறது, மொத்தம் 127 சாதனங்களுக்கு இடம் கொடுக்கிறது. ஹப் என்பது தொடக்கத்திலிருந்தே அந்த ஏற்பாட்டின் உறுப்பு.

வேகத்துக்கு வருவோம். இங்கே எதிர்த் தரப்பிடம் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று அவர்கள் சொல்வதில்லை. ஒரு கணக்குப் போடுகிறேன். நொடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் 4கே வீடியோ எடுத்தால் மணிக்கு 45 ஜிகாபைட் சேரும். இரவு தொடங்கி விடியும்வரை எட்டு மணி நேரக் கூத்தை ஒரு கமெராவில் எடுத்தால் 360 ஜிகாபைட். மொனிட்டரின் ஹப் பழைய 2.0 ஆக இருந்தால் நடைமுறையில் நொடிக்கு 35 மெகாபைட் அளவில்தான் போகும். கொப்பி முடிய மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். அதே ஹப்பில் கார்ட் ரீடரையும் டிஸ்க்கையும் சேர்த்துப் போட்டால் இன்னும் இழுபடும், ஏனென்றால் 2.0 இல் வாசிப்பும் எழுத்தும் ஒரே வழியை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. ஹப் 3.0 ஆக இருந்தால், சுழலும் இரண்டரை அங்குல டிஸ்க்கின் சொந்த வேகமே 120 மெகாபைட் அளவுதான். ஐம்பது நிமிடத்தில் முடியும். அந்த ஹப் 400 மெகாபைட்டையும் தாங்கும், ஆகவே டிஸ்க்கைத் தாமதிப்பது அதுவல்ல. வேகமான எஸ்எஸ்டி, நொடிக்கு 1000 மெகாபைட் ஓடக்கூடியது, இதில் மெதுவாகும்தான்: ஆறு நிமிட வேலை பதினைந்து நிமிடமாகும். ஆனால் கூத்து எங்கிருந்து வருகிறது? கமெராவின் எஸ்டி கார்டிலிருந்து. நம்மவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் யூஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்ச வரம்பே 104 மெகாபைட். கார்டு அதற்கு மேல் கொடுக்காதபோது எஸ்எஸ்டியை லேப்டொப்பில் போட்டாலும் மொனிட்டரில் போட்டாலும் ஒரே நேரம்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த மொனிட்டரின் இந்த ஓட்டை எந்தத் தரம் என்பது. கொழும்பிலிருந்து இங்கே வந்து விற்கும் பாவித்த அலுவலக மொனிட்டர்களில் இரண்டு தரமும் கலந்து கிடக்கின்றன. டெல் யூ2412எம் போன்ற பழையவற்றில் எல்லாத் துவாரமும் 2.0. பின்னால் வந்த பி2419எச் மொடலில் இரண்டு துவாரம் 3.0, இரண்டு 2.0. ஒரே மொனிட்டரில் சரியான துவாரமும் மெதுவான துவாரமும் இருக்கின்றன. நீல நாக்கு இருக்கிறதா, பக்கத்தில் எஸ்எஸ் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். லேப்டொப்புக்குப் போகும் சதுரத் தலைக் கேபிளையும் பாருங்கள்: 3.0 வகையென்றால் அந்தச் சதுரத்தின் மேல் இன்னொரு சின்ன மேடு இருக்கும். பாவித்த மொனிட்டரோடு இந்தக் கேபிள் பலநேரம் வருவதே இல்லை. எச்டிஎம்ஐ வயரை மட்டும் கொடுத்துவிட்டு, டிஸ்க் தெரியவில்லை, ஓட்டை பழுது என்று முடிவுகட்டுகிறார்கள். எச்டிஎம்ஐ வழியாக யூஎஸ்பித் தரவு போகாது. அந்தக் கேபிள் இல்லாமல் மொனிட்டரின் எந்த ஓட்டையும் வேலை செய்யாது.

புதிய மொனிட்டர் வாங்கியவர்களுக்கு வேறொரு மயக்கம் காத்திருக்கிறது. ஒரே யூஎஸ்பி-சி வயரில் படமும் தரவும் சார்ஜும் போகும் வகை அது. அந்த வயருக்குள் வேகப் பாதைகள் நான்கு. 4கே படத்தை நொடிக்கு 60 தடவை காட்ட, பல மொனிட்டர்கள் நான்கையும் படத்துக்கே எடுத்துக்கொள்கின்றன. அப்போது யூஎஸ்பிக்கு மிஞ்சுவது 2.0 வேகம் மட்டும். முழு எச்டி மொனிட்டருக்கு இரண்டு பாதை போதும், மற்ற இரண்டும் டிஸ்க்குக்குக் கிடைக்கும். டெல்லின் சில மொனிட்டர்களில் படத்தின் தெளிவா தரவின் வேகமா எது முக்கியம் என்று தெரிவு செய்ய மெனுவிலேயே இடமுண்டு. விலை கூடிய மொனிட்டரில் டிஸ்க் மெதுவாகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் அந்த மெனுவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இதேபோல, 3.0 டிஸ்க்கை மொனிட்டரில் போட்டதும் வயரில்லா மவுஸ் தடுமாறுவதைக் கண்டு மொனிட்டரைத் திட்டுகிறவர்களும் உண்டு. 3.0 சமிக்ஞை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் 2012 இலேயே எழுதியது. லேப்டொப்பில் அந்த மவுசின் சின்னக் குமிழுக்குப் பக்கத்தில் டிஸ்க்கைப் போட்டாலும் அதேதான் நடக்கும்.

இனி எதிர்த் தரப்பின் மிகப் பலமான வாதம். அதை அவர்கள் தெளிவாகச் சொல்வதில்லை, நானே எடுத்து வைக்கிறேன்: கரண்ட் போனால் என்ன ஆகும்?

லேப்டொப்புக்குப் பற்றரி உண்டு, மொனிட்டருக்கு இல்லை. கரண்ட் போன கணத்தில் மொனிட்டர் சாகும், அதோடு அதன் ஹப் சாகும், அதில் தொங்கும் டிஸ்க்கும் சாகும். லேப்டொப் மட்டும் விழித்திருந்து, எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்கைக் காணோமென்று திகைக்கும். அதே டிஸ்க் லேப்டொப்பில் இருந்திருந்தால் பற்றரியில் வேலையை முடித்திருக்கும். இது முழு உண்மை, மட்டக்களப்பில் இதை இலேசாக எடுக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். அந்த நெருக்கடி தீர்ந்த பிறகும் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஒரு ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் முழு நாடும் இருண்டது. சித்திரை மாதத்து இடி மின்னலுக்கும் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் கரண்ட் ஒரு நிமிடம் போய் வருவது இங்கே செய்தியே அல்ல.

அந்த ஒரு நிமிடத்தில் டிஸ்க்குக்கு நேர்வதையும் சரியாகச் சொல்ல வேண்டும். வீடியோக்காரர்கள் விண்டோசிலும் மக்கிலும் திறக்க வேண்டுமென்பதற்காக டிஸ்க்கை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்கிறார்கள். எக்ஸ்ஃபாட்டில் என்ன மாற்றம் நடந்துகொண்டிருந்தது என்று குறித்துவைக்கும் குறிப்பேடு இல்லை. எழுதும்போது அறுந்தால், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் மட்டுமல்ல, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலும் குழம்பக்கூடும். என்டிஎஃப்எஸ் முறையில் அந்தக் குறிப்பேடு உண்டு. பட்டியலைத் திரும்ப ஒழுங்குபடுத்திக்கொள்ளும், பாதியில் நின்ற ஃபைல் மட்டும் பாதியாகக் கிடக்கும். விண்டோஸ் மட்டும் பாவிக்கும் ஸ்டூடியோ எக்ஸ்ஃபாட்டில் வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. டிஸ்க்கை உருவுவதிலும் இதே கதைதான். 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து, தரவைத் தேக்கி வைக்காமல் உடனே எழுதும் ஏற்பாடுதான் இயல்பாக இருக்கிறது. அதை நம்பி, கொப்பி ஓடும்போதே உருவலாம் என்று நினைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். லேப்டொப்பின் சொந்தத் துவாரத்திலிருந்து அப்படி உருவினாலும் சேதம் ஒன்றுதான்.

ஆக இங்கே குற்றவாளி கரண்ட், மொனிட்டர் அல்ல. கரண்டுக்கு மருந்து யூபிஎஸ். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வைக்க நாம் பழகியிருக்கிறோம்; லேப்டொப் வந்ததும் அதை விற்றுவிட்டோம், அல்லது மூலையில் போட்டுவிட்டோம். 24 அங்குல மொனிட்டர் எடுப்பது 20, 30 வாட்தான். பற்றரி நல்லதாக உள்ள 650 விஏ யூபிஎஸ், மொனிட்டரையும் டிஸ்க்கின் அடாப்டரையும் பத்து இருபது நிமிடம் தாராளமாகத் தாங்கும். ஓடும் கொப்பியை நிறுத்தி டிஸ்க்கை ஒழுங்காகக் கழற்ற அது போதும். யூபிஎஸ் இல்லாதவர் பெரிய கொப்பி ஒன்றைத் தொடங்கும்போது மட்டும் பற்றரி நிறைந்த லேப்டொப்பில் போடட்டும், நானும் அதையே சொல்வேன். ஆனால் அதற்கான காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். காரணம் தெரிந்தவர் 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெரிய டிஸ்க்கை லேப்டொப்பில் போட்டுவிட்டுப் பத்திரம் என்று நினைக்கமாட்டார், ஏனென்றால் கரண்ட் போனால் அதுவும் சாகும். காரணம் தெரியாமல் ‘நேரா போடு’ என்பதை மட்டும் கற்றவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மொனிட்டர் தூங்கும்போது சில மொடல்கள் துவாரங்களின் மின்சாரத்தையும் நிறுத்திவிடும். அதற்கும் மெனுவில் ஒரு தெரிவு உண்டு. இரண்டு கணினிகளை ஒரே மொனிட்டரில் வைத்திருப்பவர் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது டிஸ்க்கும் கூடவே மாறக்கூடும். கொப்பி ஓடும்போது மாற்றக்கூடாது. இவை தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள், ஓட்டையையே தடைசெய்யக் காரணங்கள் அல்ல.

‘நேரா போடு’ என்ற கட்டளை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது என்ன என்பதை யாரும் கணக்கிடவில்லை. இன்றைய லேப்டொப்களில் எத்தனை துவாரம்? மெல்லியவற்றில் இரண்டு, கூடினால் மூன்று. ஒன்றில் மவுஸ். ஒன்றில் கார்ட் ரீடர். மிஞ்சியதில் ஒரு டிஸ்க். இரண்டாவது டிஸ்க்குக்கு இடமில்லை. ஆகவே இரண்டாவது கொப்பி ‘பிறகு’ என்று தள்ளிப்போகிறது. அடுத்த கலியாணம் வருகிறது, அடுத்த கோயில் சடங்கு வருகிறது, அந்தப் ‘பிறகு’ வருவதில்லை. இல்லையென்றால் நடைபாதையில் ஒரு மலிவு ஹப் வாங்குகிறார்கள், சொந்த மின்சாரம் இல்லாத, ஒரே துவாரத்தின் மின்சாரத்தில் நான்கு சாதனத்தை ஓட்டப் பார்க்கும் ஹப். மொனிட்டரில் போடாதே என்று பயந்தவர், 2000 ஆம் ஆண்டுகளில் அந்தப் பயம் எதற்காகப் பிறந்ததோ அந்தப் பொருளையே காசு கொடுத்து வாங்குகிறார். அல்லது ஒரே துவாரத்தில் டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகித் தேய்க்கிறார். சாதாரண ஏ வகைத் துவாரத்துக்குத் தரம் கேட்பது 1500 தடவை செருகி எடுக்கத் தாங்கும் வலிமையைத்தான். மொனிட்டரின் துவாரம் தளர்ந்தால் பக்கத்துத் துவாரம் இருக்கிறது. லேப்டொப்பின் துவாரம் தளர்ந்தால் தாய்ப் பலகையில் கைவைக்க வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபிறகு பல துவாரம் தரும் தனி டொக் ஒன்று வாங்குவது சின்ன ஸ்டூடியோவுக்குச் சுமை. மொனிட்டருக்குள் இருக்கும் ஹப்புக்கோ ஏற்கனவே காசு கொடுத்தாயிற்று. அதை மூடி வைத்துவிட்டு வேறு வழி தேடச் சொல்கிறது இந்த அறிவுரை.

மொனிட்டரின் இரண்டு வேகத் துவாரங்களில் இரண்டு டிஸ்க், லேப்டொப்புக்கு ஒரு கேபிள். கார்டிலிருந்து இறக்கும்போதே இரண்டிலும் எழுதலாம். எழுதி முடிந்ததும் இரண்டும் மூலத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கலாம். டெராகொப்பி போன்ற இலவச மென்பொருளே அதைச் செய்யும், விண்டோசிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையும் ஃபைலின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுத் தரும். ஹப்பை நம்பவில்லையா? நம்ப வேண்டாம், சரிபாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் மொனிட்டர் வழியாகப் போனதில் ஒரு பிட்கூட மாறவில்லை. ‘கரப்ட் ஆகும்’ என்று சொல்கிறவர்கள் ஒரு தடவையாவது இந்தச் சோதனையைச் செய்து காட்டியிருந்தால் நான் இக்கட்டுரை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டாவது கொப்பிக்காக நான் ஏன் இவ்வளவு மன்றாடுகிறேன்? 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் கூரையோடு போன பெட்டகங்களைப் பற்றி இன்னும் பேசும் வீடுகள் வாவியின் கடற்பக்கக் கரையான எழுவான்கரையில் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் நாவலடியில் ஆட்களோடு சேர்ந்து அல்பங்களும் போயின. செத்த பிள்ளையின் ஒரு படத்துக்காக உறவினர் வீடுகளெல்லாம் ஏறி இறங்கிய தாய்மார் இருக்கிறார்கள். 2011 ஜனவரியில் வாவியின் உட்பக்கக் கரையான படுவான்கரை வெள்ளத்துக்குள் கிடந்தது. கடலால் வரும் அழிவு ஒரு கரையை அடிக்கிறது, மழையால் வரும் அழிவு மறு கரையை அடிக்கிறது. இந்த ஊரின் நில அமைப்பே ஒரு பாதுகாப்பு முறையைச் சொல்லித் தருகிறது: ஒரு டிஸ்க் கல்லடியில் இருந்தால் மற்றது மறு கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில், தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூன்றாவது, மாவட்டத்துக்கு வெளியே. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடம் என்று உலகம் முழுதும் ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் விதியை வாவிக்குப் பொருத்தினால் இதுதான் கிடைக்கும். கூத்து, சடங்கு போன்ற பொதுச் சொத்தானவற்றுக்கு, உரியவர்களின் சம்மதத்தோடு, 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் ஒரு இடம். நமக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. எவ். எக்ஸ். சி. நடராசா 1962 இல் மட்டக்களப்பு மான்மியத்தை அச்சேற்ற முடிந்ததே, அதற்கு முந்திய தலைமுறைகள் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதி வைத்திருந்ததால்தான்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா என்பார்கள். நொடிக்கு 5 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அந்த ஒரு இரவுக் கூத்து ஏறி முடிய ஆறு நாளுக்கு மேல் ஆகும், இடையில் அறாமல் இருந்தால். வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறோம் என்பார்கள். அது வீடியோவைப் பிழிந்து சிறிதாக்கி அனுப்புவது. சல்லரியின் ஓசை அதில் தகரத்தைத் தட்டுவது போலத்தான் கேட்கும். அதைப் பிரதி என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் என் பக்கத்திலிருந்து. இரண்டு டிஸ்க்கும் எப்போதும் மொனிட்டரிலேயே தொங்கக்கூடாது. ஒரு மின்னல், ஒரு வைரஸ் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். வேலை முடிந்ததும் ஒழுங்காகக் கழற்றி, ஒன்றைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வையுங்கள். கடற்கரையோர வீடுகளின் உப்புக் காற்றில் கேபிளின் தலை பாசிபிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிஸ்க்கின் பின்புறமுள்ள அந்த அகலமான மைக்ரோ-பி தலை தளர்ந்து ஆடினால் கேபிளை மாற்றுங்கள். நான் கண்டவரை, ‘மொனிட்டரில போட்டுத்தான் போச்சு’ என்று கொண்டுவரும் டிஸ்க்குகளின் முதல் சந்தேக நபர் அந்தக் கேபிள்தான்.

கடைக்காரர்கள் கடைசியாகத் தங்கள் அனுபவத்தைத் துணைக்கு அழைப்பார்கள்: மொனிட்டரில் போட்ட டிஸ்க் செத்து வந்ததைக் கண்ணால் கண்டோம் என்று. கண்டிருப்பீர்கள். ஆனால் மொனிட்டரில் நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் எதுவும் உங்கள் கடைக்கு வருவதில்லை. லேப்டொப்பில் நேரே போட்டுச் செத்தவை வரும்போது நீங்கள் லேப்டொப்பைக் குற்றம் சொல்வதுமில்லை. டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது என்கிறீர்கள். ஒரே சாவுக்கு இரண்டு விதமான தீர்ப்புக் கூறுகிறீர்கள்.

அடுத்த முறை செத்த டிஸ்க்கோடு ஒருவர் வரும்போது வேறு கேள்விகளைக் கேளுங்கள். கொப்பி ஓடும்போது கரண்ட் போனதா? கழற்றாமல் உருவினீர்களா? எக்ஸ்ஃபாட்டா, என்டிஎஃப்எஸ்ஸா? டிஸ்க் கீழே விழுந்ததா, எத்தனை வருடப் பழசு, டிஸ்க் தன் நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கை என்ன சொல்கிறது? கேபிள் ஆடுகிறதா? மற்றக் கொப்பி எங்கே? இவை எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் சந்தேகம் மொனிட்டர் மீதுதான் விழுகிறதென்றால், அந்த மொனிட்டரை மேசையில் வையுங்கள், நல்ல டிஸ்க் ஒன்றை நல்ல கேபிளோடு அதில் போடுங்கள், 100 ஜிகாபைட்டை எழுதி, மூலத்தோடு எண்ணை ஒப்பிட்டு, வந்தவருக்கு முன்னால் காட்டுங்கள்.